குப்பைக்குழியின் வரலாறு: தோட்டத்து லயத்திலிருந்து வீட்டு உரத்தொட்டி வரை



மலாயாவின் பொருளாதார வரலாறு என்றதும் ஈயம், காப்பி, ரப்பர், செம்பனை என்று வரிசையாக எழுதுகிறோம். எந்தப் பயிரை யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் ஈயம் நீங்கலாக இவை எல்லாமே விளைந்தது மேல்மண்ணில்தானே? அந்த மண்ணுக்கு என்ன ஆனது, அதை யார் கெடுத்தார், யார் காத்தார் என்று எந்தத் தேர்வுத்தாளும் கேட்பதில்லை. இந்த இதழில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அதற்கு ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்வோம்: குப்பைக்குழி. அதிலிருந்து கிடைக்கும் மக்கிய உரம். இன்றைக்கு நாம் 'கம்போஸ்ட்' என்கிறோமே, அதேதான்.

புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. பள்ளி வேலிக்கு வெளியே கிடக்கிற கதை.

முதலில் ஒரு கேள்வி: மட்குவது என்றால் என்ன?

இலை, தழை, காய்கறித் தோல் எல்லாம் தானாக மண்ணாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று உடைக்கின்றன. அவற்றுக்கு மூன்று தேவை: உணவு, ஈரம், காற்று. மூன்றும் சரியாக அமைந்தால் குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். பிறகு ஆறி, கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு நிற்கும்.

காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? பதில் நம்ம வட்டாரத்திலேயே இருக்கிறது. ராஜா மூசா சதுப்புக்காட்டின் மண்ணைப் பாருங்கள். பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால், காற்றுப் படாமல், முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகத் தங்கிப்போன மண் அது. வறட்சிக் காலத்தில் அது தீப்பிடித்து எரிவதும் அதனால்தான். முடிக்கப்படாத கம்போஸ்ட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஒரே வரியில் புரிந்துவிடும்.

வள்ளுவர் காலத்துப் பேச்சு

எரு என்பது நமக்குப் புதுச் சொல் அல்ல. திருக்குறளின் 104ஆம் அதிகாரமான 'உழவு' இதைப் பேசுகிறது. 1038ஆம் குறளில் உழுவதைவிட எரு இடுவது நல்லது, நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது என்கிற கருத்து வருகிறது. அதற்கு முந்திய 1037ஆம் குறளோ, ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது உலர விட்டால், ஒரு பிடி எருகூடத் தேவையில்லை என்கிறது. அடுத்தடுத்த இரண்டு குறள்கள், இரண்டு வேறு அழுத்தங்கள். மாணவர்களிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, "இவை ஒன்றையொன்று மறுக்கின்றனவா?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் வரும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டுத் தொழுவத்துக் கூளம், சாணம், அடுப்புச் சாம்பல், கூட்டிய குப்பை எல்லாம் ஒரு குழிக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியேற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். தொழுவுரம் என்று அதற்குப் பெயர். அந்தப் பழக்கத்தோடுதான் நம் முன்னோர் கப்பலேறினார்கள்.

இந்தூரில் நடந்தது

குப்பைக்குழி அறிவியல் பாடமானது 1920களில். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905இல் இந்தியாவுக்கு வந்து பூசா ஆய்வு நிலையத்தில் வேலை செய்தார். 1924இல் மத்திய இந்தியாவின் இந்தூரில் பயிர்த்தொழில் ஆய்வு நிலையம் அவர் பொறுப்பில் தொடங்கியது. அங்கே உருவானதுதான் 'இந்தூர் முறை'.

முறை இதுதான். செடிகொடிக் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல், தண்ணீர் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குழியில் போடுவார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, இரண்டு மாதத்தில் ஒருமுறை என மூன்று தடவை புரட்டுவார்கள். மூன்று மாதத்தில் உரம் தயார். ஆண்டுக்கணக்கில் கிடந்த குப்பைக்குழிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காற்று. புரட்டுவது காற்றுக்காகத்தான்.

1931இல் இதை விளக்கும் நூல் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள்: ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாட். வாட் அந்த நிலையத்தின் வேதியியலாளர். இன்று உலகம் முழுக்க 'இயற்கை வேளாண்மையின் தந்தை' என்று ஹோவர்டைப் பேசுகிறார்கள். வாட் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஹோவர்டின் மனைவி கேப்ரியல் தேர்ந்த தாவரவியலாளர்; ஆய்வுகளில் அவருக்கும் முக்கியமான பங்கு உண்டு. 1930இல் இறந்துபோனார். அவர் பெயரும் பின்னுக்குப் போய்விட்டது.

ஹோவர்டு ஒன்றை மறைக்கவில்லை. வயலில் உழைத்த விவசாயிகளையும், பயிரைத் தாக்கிய பூச்சிகளையுமே தம் பேராசிரியர்களாகக் கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் மண்ணைக் காத்த விதத்தை 1911இல் நூலாக்கிய எப்.எச். கிங் என்ற அமெரிக்கரிடமிருந்தும் கற்றார். ஆக, இந்தூர் முறை ஒருவர் தலையில் உதித்தது அல்ல. பல நாட்டு உழவர் அறிவை அளந்து, எழுதி, ஒழுங்குபடுத்தியது.

1935இல் காந்தி இந்தூர் போனபோது அந்நிலையத்தைப் பார்த்தார். தம் 'ஹரிஜன்' இதழில் இம்முறையைப் பரப்பினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் மூலம் எருவையும் கிராமப் பொருளாதாரத்தையும் இணைத்துப் பேசினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத பொருளாதாரம் நிலைக்காது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதே காலத்தில் நம் தோட்டங்களில்

இப்போது மலாயாவுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது சிலாங்கூரில் காடுகள் வேகமாக அழிந்தன. அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு ஒரு கொள்கை: பால்மரத்துக்கு நடுவே ஒரு புல்லும் இருக்கக் கூடாது. லாலாங் வேரோடு போகணும். மண் வெறுமையாகத் தெரிந்தால்தான் 'நல்ல தோட்டம்'. அந்தப் புல்லை வெட்டியவர்கள், பெண்கள் உட்பட, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள்.

நம்ம ஊர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மறைப்பில்லாத மண்மேல் அது விழுந்தால் என்ன நடக்கும்? மேல்மண் ஓடையில் இறங்கியது. பல்லாயிரம் ஆண்டுக் காட்டு மட்கு சில ஆண்டுகளில் கரைந்தது. பிறகுதான் மண்காப்பு வந்தது: சரிவில் வரப்பு, மண்ணைத் தேக்கும் குழி, காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துத் தரும் மூடுகொடிகள். முதலில் புல்லை வெட்டிய அதே கைகள்தான் பிறகு கொடியையும் நட்டன. தவறு செய்யச் சொன்னதும் மேலிடம், திருத்தச் சொன்னதும் மேலிடம். ஆவணத்தில் மேலிடத்தின் பெயர்தான் இருக்கிறது.

செம்பனையின் கதையும் இங்கேதான் தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கோனியே கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தோட்டம் வைத்திருந்தார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆமாம், நம்ம தென்னைமரமேதான்! ஆங்கில ஆவணங்களிலும் மலாய்ப் பாடநூல்களிலும் வரும் அந்தப் பெயர் ஒரு தமிழ்ச் சொல் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தேதி மறந்தாலும் இது மறக்காது.

செம்பனைக் குலையிலிருந்து பழத்தை எடுத்தபின் மிஞ்சும் வெறுங்குலை இன்று ஒரு முக்கியமான எருப்பொருள். அதை மரத்தடியில் பரப்புகிறார்கள். ஆலைக் கழிவுநீரோடு சேர்த்து மட்கவும் வைக்கிறார்கள். குப்பைக்குழியின் பெரிய வடிவம்தான் அது.

லயத்துக் கொல்லை

தோட்டத்தின் கணக்கில் சேராத இன்னொரு நிலம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிக் கொல்லை. தொழிலாளர் குடும்பத்துக்குப் பயிரிட நிலம் ஒதுக்கவேண்டும் என்ற விதி மலாயாக் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே உண்டு. முருங்கை, பசளி, கத்தரி, வெண்டை, அவரை, வாழை, கறிவேப்பிலை என்று போட்டார்கள். மாடு, ஆடு, கோழி வைத்திருந்தவர்களும் உண்டு. சாணமும் சாம்பலும் கொல்லைக்கு. கொல்லையின் தழை ஆட்டுக்கு. கழிநீர் வாழைக்கு. வீணாகிற பொருள் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

இதை அழகான கிராமியக் காட்சியாக மட்டும் பார்த்தால் வரலாறு தவறிவிடும். கூலி போதாததால் அந்தக் கொல்லை தேவைப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து, வேலை குறைந்தபோது அது அடுப்பை எரியவைத்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறானபோது, ஒரு துண்டு நிலமும் அதில் கொட்ட ஒரு கூடை எருவும் உயிர் காக்கும் பொருளாயின. உரம் கடையில் வாங்கும் காலமா அது?

விடுதலைக்குப் பிறகும் இந்தத் தேவை வேறு உருவில் திரும்பியது. உலக எண்ணெய் நெருக்கடியும் உணவு விலை ஏற்றமும் வந்த வேளையில், 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தை அறிவித்தார். 'ரஞ்சாங்கான் புக்கு ஹிஜாவ்' என்று பாடத்தில் வருமே, அதுதான். வெறும் நிலத்தில் காய்கறி போடுங்கள் என்று நாடே மக்களைக் கேட்டது. தோட்டத்து மக்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள்.

எப்போது அறுந்தது?

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. குடும்பங்கள் அடுக்குமாடிக்கும் வரிசை வீட்டுக்கும் பெயர்ந்தன. முன்வாசலில் சிமெண்டு, பின்வாசலில் கால்வாய். மாடு இல்லை, விறகடுப்பு இல்லை, ஆகவே சாணமும் சாம்பலும் இல்லை. காய்கறித் தோல் முதல்முறையாகக் 'குப்பை' ஆனது. பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைத்தால் லாரி எடுத்துப் போகிறது.

எங்கே போகிறது? இங்கேதான் நம் வட்டாரத்துக்குக் கதை திரும்பி வருகிறது. கோலசிலாங்கூர் மாவட்டத்து ஜெராமில் 2007 முதல் ஒரு பெரிய குப்பை நிரப்பு நிலம் இயங்குகிறது. கோலாலம்பூரின் குப்பைக்கு 2005இல் உலுசிலாங்கூரின் புக்கிட் தாகாரில் மற்றொன்று தொடங்கியது. ஒரு காலத்தில் நகரத்துக்குப் பாலும் எண்ணெயும் அனுப்பிய தோட்ட வட்டாரம், இப்போது நகரத்தின் கழிவை வாங்கிக்கொள்கிறது.

2012ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று தெரிந்தது. கிட்டத்தட்டப் பாதி! அது காற்றில்லாமல் ஆழத்தில் புதைந்தால் மீத்தேன் வாயு உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலியது. ராஜா மூசா சதுப்பில் பார்த்த அதே பாடம்தான்: காற்று இல்லையென்றால் மட்கு இல்லை.

மீண்டும் கற்றவர்கள்

திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. 1985இல் தொடங்கிய செட்டெம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, குர்மிட் சிங் தலைமையில், 1986 முதல் சுமார் பத்தாண்டுகள் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் ஓர் இயற்கை விவசாயப் பண்ணையை நடத்திக்காட்டியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை உரப் பயிற்சியைத் தமிழ்ப்பள்ளிகள் வரைக்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் (1938–2013), கோவில்பட்டி அரசு ஆய்வு நிலைய வேலையை விட்டு வெளியேறி, கரூர் மாவட்டத்தில் வானகம் பண்ணையை உருவாக்கி, ஒரு தலைமுறைக்கே மண்ணைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுத்தார். இந்தோனேசியாவின் சுராபாயாவில் ஜப்பானியரான கோஜி தக்காகுரா 2000களில் உருவாக்கிய கூடை முறை, இடமில்லாத வீட்டுக்கும் வழி காட்டியது, மலேசியாவிலும் பரவியது.

வீட்டிலும் பள்ளியிலும் செய்ய

இனி செய்முறை. இந்தூர் முறையின் சுருக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்க.

1. மூடியுள்ள பெரிய வாளி அல்லது பீப்பாய். அடியிலும் பக்கத்திலும் துளை போடணும். செங்கல் மேல் தூக்கி வையுங்க. மழைச்சாரல் படாத நிழலான இடம் நல்லது.

2. அடியில் ஒரு சாண் உயரம் காய்ந்த சருகு. அதன்மேல் சமையலறைக் கழிவு. ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு. கழிவு எப்போதும் மூடியே இருக்கணும்.

3. சாணத்துக்குப் பதில் ஒரு பிடி தோட்டத்து மண் அல்லது பழைய உரம். நுண்ணுயிர் அதிலிருந்து வரும்.

4. வாரம் ஒருமுறை புரட்டுங்க.

5. கையில் அள்ளிப் பிழியுங்க. பிழிந்த துணிபோல் ஈரம் தெரிந்தால் சரி. தண்ணீர் சொட்டினால் சருகு சேர்க்கணும். உதிர்ந்தால் நீர் தெளிக்கணும்.

6. இறைச்சி, மீன், எலும்பு, எண்ணெய்க் குழம்பு, நாய் பூனைக் கழிவு வேண்டாம். எலி வரும், நோயும் வரும்.

நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. எறும்பு கூடு கட்டினால் ஈரம் போதவில்லை. வெள்ளைப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது கருப்பு ஈயின் புழு, வேலையை விரைவாக்கும். ஆனால் மூடியிலும் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீங்க. ஏடிஸ் கொசு வந்தால் உரத்தொட்டியே குற்றவாளி ஆகிவிடும்.

இரண்டு மூன்று மாதத்தில் போட்ட பொருள் அடையாளம் தெரியாமல் கருத்துப்போகும். ஒரு பங்கு உரம், மூன்று பங்கு மண் என்று கலந்து தொட்டிச் செடிக்கு இடுங்க.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். யூரியாவில் நைட்ரசன் 46 விழுக்காடு. மக்கிய உரத்தில் பொதுவாக 1, 2 விழுக்காடுதான். உலகத்துக்கே இதனால் மட்டும் சோறு போட முடியுமா என்ற கேள்வி இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் யூரியா மண்ணுக்கு ஈரம் பிடிக்கும் சக்தியைத் தராது, உதிரித்தன்மையைத் தராது. ஒரு வீட்டுக் கொல்லைக்கும் பள்ளித் தோட்டத்துக்கும் மக்கிய உரம் தாராளம். நாளுக்கு ஒரு கிலோ கழிவைத் தொட்டியில் போடும் ஒரு குடும்பம், ஆண்டுக்கு 365 கிலோவை ஜெராம் லாரியில் ஏற்றாமல் நிறுத்துகிறது. இருபது மாணவர் வீடு என்றால் 7,300 கிலோ. கணக்குப் பாடத்திலும் இதைச் சேர்க்கலாம்.

வரலாற்று மாணவருக்கு

இந்தக் கட்டுரை எங்கே போய் நிற்கிறது? ஹோவர்டு எழுதிவைத்தார், அதனால் இந்தூர் முறை வரலாற்றில் நிற்கிறது. நம் தோட்டத்துப் பெண்கள் எழுதிவைக்கவில்லை. எந்தச் செடிக்கு எந்தச் சாம்பல், எந்த மண்ணுக்கு எவ்வளவு சாணம் என்று அவர்கள் அறிந்தது காகிதத்தில் இல்லை. அறிந்தவர்கள் பலர் இன்று எழுபது, எண்பது வயதில், கொல்லையில்லாத வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பதற்கு நமக்கு இருக்கும் காலம் குறைவு. வாய்மொழிச் சான்றும் வரலாற்றுச் சான்றுதான். பெயர், ஊர், காலம் குறித்து, மற்றவர் சொல்வதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால்.

வகுப்புக்கு நான்கு வினாக்கள்:

அ. ரப்பர்த் தோட்டங்களில் மண்ணை வெறுமையாக வைத்ததன் காரணம் ஒன்று, விளைவு இரண்டு எழுதுக.

ஆ. இந்தூர் முறையை 'கண்டுபிடிப்பு' என்பதா, 'தொகுப்பு' என்பதா? காரணம் காட்டுக.

இ. லயத்துக் கொல்லை 1930களிலும், 1942–1945 காலத்திலும், 1974க்குப் பிறகும் என்ன பங்கு வகித்தது? ஒப்பிடுக.

ஈ. உங்கள் குடும்பத்தில் அல்லது அண்டை வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ கண்டு, கொல்லைக்கு என்ன எரு போட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதுக.

நான்காவது வினாவுக்கு விடைத்திறவுகோல் கிடையாது. அந்த ஒரு பக்கங்களைச் சேர்த்து வையுங்கள் ஆசிரியர்களே. பத்துப் பள்ளிகள் சேர்த்தால், இதுவரை யாரும் எழுதாத ஒரு அதிகாரம் நம் கையில் இருக்கும்.